பையைத் திறக்கச் சொன்னால்?

சூப்பர் மார்க்கெட்டில் பணம் கட்டி வெளியே வரும்போது, காவலாளி என் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார். மறுக்கலாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

தாராளமாக மறுக்கலாம், சகோதரி. பணம் கட்டியதற்கான பில்லை வாசலில் காட்டினால் போதும். காவலாளிக்கு போலீஸ் அதிகாரம் கிடையாது. உங்கள் சம்மதமில்லாமல் பையில் கைவிட்டுத் துழாவ அவருக்கு உரிமையில்லை. அறையில் அடைத்து வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 127-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. அப்படியானால் திருட்டை எப்படித் தடுப்பது என்று கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். கண்ணெதிரே ஒருவர் ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தைச் செய்தால், யாரும் அவரைப் பிடித்து 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்கலாம். வெறும் சந்தேகத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. சந்தேகம் கையை ஓங்கினால் என்ன ஆகும் என்பதை உங்கள் பாலக்காடு மாவட்டமே பார்த்திருக்கிறது. 2018 பிப்ரவரியில் அட்டப்பாடியில், அரிசி திருடினார் என்று சொல்லி ஆதிவாசி இளைஞர் மதுவைக் கட்டிவைத்து அடித்தே கொன்றார்கள். 2023-இல் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது.

இனி யாராவது வற்புறுத்தினால் அங்கேயே நின்று 112-ஐ அழையுங்கள். அன்றைய சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்று கடைக்கு எழுதிக் கொடுங்கள். போலீஸுக்கான புகாரைத் தயங்காமல் தமிழிலேயே எழுதுங்கள்.