அணு மருத்துவத் தொழில்நுட்பம்: நம் பிள்ளைகள் படிக்கலாமா?

அணு என்றவுடன் நம்மவர்களுக்கு நினைவு வருவது கல்பாக்கமும் கூடங்குளமும்தான். அணு மருத்துவம் என்று ஒரு துறை இருக்கிறது, அதில்தான் நான் டெக்னாலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், "எக்ஸ்ரே எடுக்கிற வேலையா?" என்று கேட்பார்கள். சற்று விவரம் அறிந்தவர்கள், "பொம்பளைப் பிள்ளை போகிற வேலையா அது?" என்பார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த இரண்டையும் கேட்டபடியே இருப்பதால், சங்க மலரில் ஒரு பாடமாகவே எழுதிவிடலாம் என்று எண்ணினேன்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்ரேயில் இயந்திரத்திலிருந்து கதிர் புறப்பட்டு, உடலை ஊடுருவி, மறுபக்கம் படமாக விழுகிறது. சுவிட்சை அணைத்தால் கதிரும் இல்லை. அணு மருத்துவத்தில் அப்படி அல்ல. கதிர்வீசும் மருந்தை மிகச் சிறிய அளவில் நோயாளியின் இரத்தக் குழாயில் ஊசியாக ஏற்றுகிறோம். அது எலும்புக்குப் போகும் மருந்தானால் எலும்பில் போய்ச் சேருகிறது, சிறுநீரகத்துக்கு உரியதானால் சிறுநீரகத்தில் சேருகிறது. அங்கிருந்து வெளிவரும் காமா கதிரை, காமா கேமரா என்ற கருவி வாங்கிப் படமாக்குகிறது. இங்கே நோயாளிதான் விளக்கு. கேமரா வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ரே காட்டுவது உறுப்பின் உருவத்தை. நாங்கள் காட்டுவது அந்த உறுப்பு செய்யும் வேலையை. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால், எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே எங்கள் படத்தில் பெரும்பாலும் தெரிந்துவிடுவது இதனால்தான்.

கதிர்வீசும் பொருளை அடையாளமாக அனுப்பி அது எங்கே போகிறது என்று பின்தொடரும் யோசனை, ஹெவெசி என்ற ஹங்கேரி நாட்டு விஞ்ஞானியுடையது. 1923இல் அவர் அவரைச் செடியில் இதைச் செய்து பார்த்தார். 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம் நாட்டில் 1963இல் மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் கதிரியக்க மருத்துவ மையத்தைத் தொடங்கினார்கள். இன்றும் இத்துறைக்கு ஆள் பயிற்றுவிக்கும் முக்கிய இடங்களில் அது ஒன்று.

இனி பாடத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இந்தத் தொழில் முழுவதும் ஒரே ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. அது அரை ஆயுட்காலம். பள்ளிப் புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்துபோகிற விஷயம், எங்களுக்கு அன்றாடச் சோறு. நாங்கள் அதிகம் பயன்படுத்துவது டெக்னீசியம்-99எம். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். காலை 8 மணிக்கு 100 மில்லி கியூரி இருந்தால், பிற்பகல் 2 மணிக்கு 50, இரவு 8 மணிக்கு 25. இதுவரை யாரும் சொல்லிவிடுவார்கள். காலை 11 மணிக்கு எவ்வளவு? 75 என்று சொல்லும் மாணவர்களே அதிகம். சரியான விடை ஏறக்குறைய 71. தேய்வு நேர்கோட்டில் நடப்பதில்லை. முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறைகிறது. எலும்பு ஸ்கேனுக்கு 11 மணிக்கு ஒருவருக்கு 20 மில்லி கியூரி போட வேண்டுமானால், 8 மணிக்கே 28க்குச் சற்று அதிகமாக அளந்து வைக்க வேண்டும். ஊசி போட்டபின் மருந்து எலும்பில் படிய இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அதுவரை நோயாளி நிறையத் தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டும். ஆக, காலையில் போடும் கணக்கில்தான் அன்றைய நாளே ஓடுகிறது.

ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் பொருளை மருத்துவமனை எப்படிச் சேமித்து வைக்கிறது? சேமிப்பதில்லை, கறக்கிறது! மாலிப்டினம்-99 என்ற தாய்ப்பொருள் 66 மணி நேர அரை ஆயுள் கொண்டது. அது தேயத் தேய டெக்னீசியம் பிறந்துகொண்டே இருக்கும். அலுமினா நிரப்பிய ஒரு சிறு குழாயில் தாய்ப்பொருளைப் பிடித்து வைத்து, ஈயக் கவசத்துக்குள் அடைத்திருப்பார்கள். இதற்கு ஜெனரேட்டர் என்று பெயர். உப்பு நீரைச் செலுத்தினால் டெக்னீசியம் மட்டும் கரைந்து வெளியே வரும், தாய் உள்ளேயே தங்கிவிடும். காலையில் கறந்தால் மறுநாள் காலைக்குள் மடி மீண்டும் நிரம்பிவிடும். இதைப் பசு என்றே உலகம் முழுவதும் சொல்கிறார்கள். கறந்ததில் தாய்ப்பொருள் கலந்து வந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே மருந்து தயாரிக்க வேண்டும். பயிற்சி மாணவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் ஒழுங்கு இது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நம் கடலின்மீது வைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து நமக்குக் கடல்வழி 1,190 கிலோமீட்டர், கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். ஒரு ஜெனரேட்டரை ஹட்டோ துறைக்குக் கப்பலில் அனுப்பினால், வந்து சேரும்போது பாதிக்கும் குறைவாகவே மிஞ்சும். தைராய்டு நோய்க்குக் கொடுக்கும் அயோடின்-131 பரவாயில்லை. அதன் அரை ஆயுள் 8 நாள் என்பதால் முக்கால் பங்குக்குச் சற்று மேலேயே இருக்கும். பெட் ஸ்கேனுக்கு வேண்டிய ஃபுளூரின்-18தான் பெரும்பாடு. அரை ஆயுள் 110 நிமிடம். சென்னையில் காலை 6 மணிக்கு 80 மில்லி கியூரி புறப்பட்டு, விமான நிலையச் சோதனை, இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பறப்பு, இங்கே சாலைப் பயணம் எல்லாம் முடிந்து 11.30க்கு நோயாளியின் கைக்கு வந்தால், மிஞ்சுவது 10. எட்டுப் பேருக்கு ஆகும் மருந்தை அனுப்பி ஒருவருக்குப் போடுகிறோம். ஸ்கேனுக்காக நம்மவர்கள் சென்னைக்கும் வேலூருக்கும் பயணம் போவதற்குப் பணமும் கருவியும் மட்டும் காரணமல்ல. மருந்துக்குக் கடல் தாண்டும் ஆயுள் போதவில்லை.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது பயத்துக்கு, வருகிறேன். கதிரில் ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆபத்து இருப்பதால்தான் அளவு வைத்திருக்கிறார்கள். 1983இல் ஏற்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே மனிதருக்கு உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 வருகிறது. நாங்கள் நெஞ்சில் ஒரு பட்டை அணிந்திருப்போம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி, வாங்கிய அளவைக் கணக்கெடுப்பார்கள். விதிப்படி வேலை செய்பவர் அந்த வரம்பை நெருங்க வேண்டிய அவசியமே இல்லை.

பெண்கள் விஷயத்தில் விதி இன்னும் கண்டிப்பானது. கருவுற்றதைத் தெரிவித்த நாளிலிருந்து, வயிற்றிலுள்ள சிசுவுக்கு 1 மில்லி சீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது. நான் இரண்டு பிள்ளைகள் பெற்றவள். இரண்டு முறையும் உடனே எழுதிக் கொடுத்தேன். மருந்து தயாரிக்கும் அறையிலிருந்து படங்களைக் கணினியில் சீர்செய்யும் மேசைக்கு மாற்றினார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மறைப்பதுதான் தவறு. மகளைச் சேர்க்க விரும்பும் தாய்மார்கள் இதை அவளிடம் வெளிப்படையாகச் சொல்லி அனுப்ப வேண்டும்.

பாதுகாப்புக்கு நாங்கள் கற்பது மூன்று: நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, இடையில் ஈயத்தை வை. ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு விலகினால் கதிர் கால் பங்காகிவிடும். நடைமுறையில் இதற்கு ஒரு அழகான பொருள் உண்டு. நோயாளியிடம் பேச வேண்டியதையெல்லாம் ஊசிக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், மருத்துவமனை எண் (ஒரே நாளில் மூன்று செல்விகள் வருவார்கள்), மருந்து, பழைய ஆபரேஷன், பெண்களானால் மாதவிலக்குத் தேதி, தாய்ப்பால் கொடுக்கிறாரா என்பது. இவற்றை மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எப்படிக் கேட்பது என்பதும் பயிற்சியில் ஒரு பகுதிதான். எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

இங்கே தீவுப் பிள்ளைகளுக்கு ஒரு சலுகை இருக்கிறது. வேலூர் போன்ற ஊர்களுக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் ஏராளமாக வருகிறார்கள். அபர்தீன் பஜாரில் வளர்ந்த நம் பிள்ளை வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பக்கத்து வீட்டில் வங்காளியும் பேசியே வளர்கிறது. "மூச்சை அடக்காதீர்கள், அசையாமல் படுங்கள்" என்று அவரவர் மொழியில் சொல்லத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் தனி மதிப்பு.

படிப்புக்கு இரண்டு வழி உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு பி.எஸ்சி. அணு மருத்துவத் தொழில்நுட்பம் சேரலாம். மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும். நான்காண்டு வெளியூர்ச் செலவு முடியாதவர்கள், நம் ஜே.என்.ஆர்.எம். கல்லூரியிலேயே இயற்பியலோ வேதியியலோ பட்டம் முடித்துவிட்டு, மும்பை கதிரியக்க மருத்துவ மையம் நடத்துவது போன்ற பட்டதாரிகளுக்கான படிப்புக்கு முயலலாம். இரண்டாவது வழியை நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. இடங்கள் குறைவு, போட்டி அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. "ரேடியாலஜி", "இமேஜிங்" என்று பெயர் வைத்த படிப்புகள் வேறு. எக்ஸ்ரே டிப்ளமோவை மட்டும் வைத்துக்கொண்டு அணு மருத்துவ டெக்னாலஜிஸ்ட் ஆக முடியாது. ஒழுங்குமுறை வாரியம் அதற்கென்று தனித் தகுதி வகுத்திருக்கிறது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழிலர் சட்டமும் இதைத் தனித் தொழிலாகவே பட்டியலிடுகிறது. முன்பணம் கட்டுமுன் கல்லூரியில் நேரில் கேளுங்கள்: காமா கேமரா உங்கள் மருத்துவமனையிலேயே ஓடுகிறதா, மாணவர் எங்கே பயிற்சி பெறுகிறார், இந்தப் பட்டத்தை வாரியம் ஏற்கிறதா என்று. மழுப்பினால் டிக்கெட் எடுத்துத் திரும்பி வாருங்கள். இன்னொன்று, 18 வயது நிறையாதவரைக் கதிரியக்கப் பணியில் அமர்த்தக் கூடாது என்பது விதி.

படித்தபின் பிள்ளை தீவுக்குத் திரும்புமா என்பதுதான் பெற்றோர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. மேலே போட்ட கடல் கணக்கே அதற்குப் பதில் சொல்லிவிட்டது. இப்போதைக்கு இந்த வேலை மருந்து போய்ச்சேரும் ஊர்களில்தான் இருக்கிறது. சேரும் முன்பே வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசிக்கொள்வது நல்லது.

பிள்ளைக்கு இந்தத் தொழில் பிடிக்குமா என்று பார்க்க ஒரு கணக்குத் தருகிறேன். 11 மணிக்கு வர வேண்டிய நோயாளி பஸ் தவறி 2 மணிக்கு வருகிறார். அவருக்கும் 20 மில்லி கியூரி டெக்னீசியம் போட வேண்டும். காலை 8 மணிக்கு எவ்வளவு அளந்து வைத்திருக்க வேண்டும்? 28 மட்டுமே வைத்திருந்தால், இப்போது அதில் எவ்வளவு இருக்கும்?