பிறக்கும் முறையும் மரபணுவின் குறிகளும்

‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்பது நம் முன்னோர் மொழி. தாயின் சாயல் பிள்ளைக்கு வரும் விதத்தை விளக்குவது மரபியல் என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால் ஒரே நூலில் நெய்த இரு சேலைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை அல்லவா? மரபணு ஒன்றாயிருந்தும் அது செயற்படும் விதம் வேறுபடுவதை ஆராயும் துறையே எபிஜெனெடிக்ஸ். 1942ஆம் ஆண்டு இங்கிலாந்து அறிஞர் கான்ராட் வாடிங்டன் இத்துறைக்குப் பெயர் சூட்டினார். குழந்தை பிறக்கும் முறைக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பற்றி நான் அறிந்தவற்றை எளிய முறையில் கூற விழைகிறேன்.

எழுத்தும் குறியும்

நம் உடலின் ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரும். கண்ணின் செல்லிலும் கல்லீரலின் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். அப்படியிருந்தும் கண் பார்க்கிறது; கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. எந்த ஜீன் வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதை அமைப்பதில் சில வேதிக் குறிகளுக்குப் பங்குண்டு. அவற்றுள் முக்கியமானது மெத்தில் தொகுதி. ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த இச்சிறு தொகுதி டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டால், அவ்விடத்து ஜீன் பெரும்பாலும் அடங்கிவிடும். சமையல் புத்தகத்தில் அம்மா பென்சிலால் ‘இது வேண்டும்’, ‘இது வேண்டாம்’ என்று குறித்து வைப்பது போன்றது இது. அச்சிட்ட எழுத்து மாறுவதில்லை. பயன்படும் விதம் மாறுகிறது.

ஸ்வீடனில் நடந்த ஆராய்ச்சி

ஸ்வீடன் நாட்டில் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2009இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த குழந்தைகள் 37 பேர். இயல்பாகப் பிறந்தவர்கள் 21 பேர். சிசேரியன் அறுவையால் பிறந்தவர்கள் 16 பேர். பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து, வெள்ளை அணுக்களின் டி.என்.ஏ.வைச் சோதித்தனர். அறுவையால் பிறந்த குழந்தைகளிடம் மெத்தில் குறிகள் மிகுதியாயிருந்தன. ஆனால் மூன்று முதல் ஐந்து நாள்களுக்குப் பின் மீண்டும் சோதித்தபோது அந்த வேறுபாடு காணப்படவில்லை!

இதற்குக் காரணம் என்னவாக இருக்கலாம்? பிரசவ வலியின்போது கருப்பை சுருங்கிச் சுருங்கிக் குழந்தையை அழுத்துகிறது. அப்போது அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் குழந்தையின் இரத்தத்தில் பெருகுகின்றன. நுரையீரலில் உள்ள நீர் வற்றவும், முதல் மூச்சு எளிதாகவும் இவை உதவுகின்றன. வலி தொடங்கும் முன்பே அறுவையால் எடுக்கப்படும் குழந்தைக்கு இப்பெருக்கம் குறைவு. இந்த வேறுபாடு செல்களில் குறியாகப் பதியக்கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர்.

2012இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, பிறப்பு முறையால் மெத்தில் அளவில் வேறுபாடு இல்லை என்றது. 2014இல் மீண்டும் ஸ்வீடனில் 43 குழந்தைகளின் இரத்த மூலச் செல்களை ஆராய்ந்தபோது வேறுபாடு தென்பட்டது. ஆகவே இக்கேள்விக்கு இன்னும் முடிவான விடை கிட்டவில்லை.

தொடர்பு வேறு, காரணம் வேறு

சேவல் கூவுகிறது, பொழுது விடிகிறது. அதனால் சேவல்தான் பொழுதை விடியச் செய்கிறது என்போமா? அதுபோல, அறுவை செய்ய நேர்ந்ததற்குரிய தாயின் நோயோ, உடல்நிலையோ கூடக் குழந்தையின் செல்களில் குறியை உண்டாக்கியிருக்கலாம். நாற்பது குழந்தைகளைக் கொண்டு உலகத்துக் குழந்தைகள் அனைவரையும் அளந்துவிடவும் முடியாது.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நானும் அறுவையால் பிறந்தவளே. நச்சுக்கொடி கருப்பையின் வாயை மூடியிருந்ததால், அறுவை செய்யாவிடில் இருவர் உயிருக்கும் ஆபத்து என்று மருத்துவர் கூறினாராம். ஆயினும் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றில், “நீ வலி தெரியாமல் பெற்றவள்தானே” என்று ஒருவர் சொல்ல, என் அம்மா பதில் பேசாமல் இருந்ததைக் கண்டேன். இயல்பான பிரசவத்தைச் சுகப்பிரசவம் என்கிறோம். தாயும் சேயும் உயிரோடு வீடு திரும்பும் பிரசவம் எதுவானாலும் அதுவும் சுகம்தானே?

கர்ப்பிணிகளின் பாதுகாவலரான புனித ரெய்மண்ட் நொனாட்டுஸ், இறந்த தாயின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டவர் என்பது மரபுவழிச் செய்தி. ‘நொனாட்டுஸ்’ என்னும் லத்தீன் சொல்லுக்குப் ‘பிறவாதவர்’ என்பது பொருள். அக்காலத்தில் தாய் இறந்த பின்னரே பெரும்பாலும் செய்யப்பட்ட அறுவை, இன்று இரு உயிர்களையும் காக்கிறது.

அதற்காகத் தேவையின்றியும் அறுவை செய்யலாம் என்பதன்று. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களுள் ஏறத்தாழ 45 அறுவையால் நிகழ்ந்தன. இந்தியா முழுவதற்கும் அது 22க்குச் சற்றுக் குறைவே. ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டுவதை விட, தேவையுள்ள தாய்க்கு அறுவை கிடைக்கச் செய்வதே முக்கியம் என்று உலக நல நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது.

தோழியரே! பிறந்த விதத்தைக் கொண்டு பிள்ளையையும், பெற்ற விதத்தைக் கொண்டு தாயையும் எடைபோடாதிருப்போம். அறிவியல் சொல்லும் செய்தியைக் கூட்டாமலும் குறைக்காமலும் பிறர்க்கு எடுத்துரைப்போமாக!

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு