பரணில் இருக்கும் கே.பி.எஸ்.

கேள்வி: பல வருஷமாகச் சேர்த்த கிராமபோன் இசைத்தட்டுகள் பரண் நிறையக் கிடக்கின்றன. கே.பி.சுந்தராம்பாள் தட்டுகளும் உண்டு. பிள்ளைகளுக்கு இதில் நாட்டமில்லை. விற்றுவிடலாமா?
– வாசகர், கொடுமுடி

பதில்: தாராளமாக விற்கலாம். 1908இல் கே.பி.எஸ். பிறந்த ஊரில் இருந்துகொண்டு அவர் குரலை விற்பதா என்ற சங்கடம் புரிகிறது. ஆனால் பரணில் கிடக்கும் தட்டு பாடுவதில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும், 1992இல் அவர் மறைந்த பிறகு விலைக்குத்தான் போயின. வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். ஆனால் சேகரிப்பு கடல் தாண்டவில்லை. அதைக் கொண்டே 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. சிதறாமல் மொத்தமாகக் கைமாறியதுதான் அங்கே முக்கியம்.

நீங்களும் உதிரியாக விற்காதீர்கள். வியாபாரி வந்தால் அரிய நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போவார். முதலில் கம்பெனி, பாடியவர், தட்டு எண், கீறல் உண்டா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்துக்கு மூன்று நிமிஷப் பாட்டுதான். பிடித்தவற்றைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். பழைய 78 சுழற்சித் தட்டுகள் அரக்கில் செய்தவை. ஸ்பிரிட், சானிடைசர் தொட்டுத் துடைத்தால் கரைந்துவிடும். அனுப்பும்போது படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள்.

கிராமபோன் பெட்டியையாவது வைத்துக்கொள்ளட்டுமா என்று அடுத்த வாரம் எழுதுவீர்கள். வேண்டாம், அதையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.