எங்கிருந்து வந்தது? – சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவு

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் சர்க்கரைவள்ளிக்கிழங்கை மாவாக்கி விற்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பொங்கலை ஒட்டிக் கிழங்கு மலிவாகக் கிடைக்கிறது. வெயிலுக்கும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஆனால், “காயப்போட்டா சத்தெல்லாம் வெயிலோட போயிரும், மிஞ்சுறது வெறும் சக்கைதான்” என்று குழுவிலேயே சிலர் தடுக்கிறார்கள். கிழங்கை மாவாக்கும் வழக்கம் எங்கே தொடங்கியது? சத்து உண்மையிலேயே போய்விடுமா?
– ஒரு வாசகி, அய்யலூர்

பதில்: முதலில் பிறந்த ஊரைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. இந்தக் கிழங்குக்குத் தாய்வீடு அமெரிக்கக் கண்டம். நடு அமெரிக்காவும் அதை ஒட்டிய தென் அமெரிக்காவின் வடபகுதியும். போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டு வாக்கில் நம் கரைக்கு வந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

காயவைக்கும் பழக்கத்துக்குத் தனியாக ஒரு ஆள் காரணம் கிடையாது. ஈரம் மிகுந்த கிழங்கு, தோண்டிய சில வாரங்களில் முளைவிடும், வண்டு துளைக்கும், அழுகும். அதனால் இதையே நம்பி வாழ்ந்தவர்கள் எல்லாரும் காயவைத்தார்கள். உகாண்டாவின் கிழக்கே தேசோ பகுதியில் சீவிக் காயவைத்ததை ‘அமுகேக்கே’ என்றும், நசுக்கிக் காயவைத்ததை ‘இங்கின்யோ’ என்றும் சொல்கிறார்கள். அந்த இங்கின்யோவை மரவள்ளியோடோ சோளத்தோடோ சேர்த்து அரைத்துக் களி கிண்டுவார்கள். ஜப்பானில் அவித்த கிழங்கைச் சீவிக் காயவைத்து இன்றும் தின்பண்டமாக விற்கிறார்கள்.

மாவாகப் பெரிய அளவில் பேசப்பட்டது முதல் உலகப் போரின்போதுதான். அமெரிக்காவில் கோதுமைக்குத் தட்டுப்பாடு. அலபாமாவில் டஸ்கிகீ கல்வி நிலையத்தில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், அடிமையாகப் பிறந்து வேளாண் விஞ்ஞானியானவர், கிழங்கு மாவைக் கோதுமையோடு கலந்து ரொட்டி சுட்டுக் காட்டினார். 1918இல் கிழங்கு மாவும் ஸ்டார்ச்சும் செய்யும் முறையை விவசாயிகளுக்காகச் சிறு வெளியீடாகவே எழுதினார். போர் முடிந்து கோதுமை திரும்ப மலிவானதும் அந்த முயற்சி அடங்கிப்போனது. அவர் அன்று தேடியது வயிற்றை நிரப்ப ஒரு மாற்று. நீங்கள் கேட்பது சத்தைப் பற்றி. அதற்கு வருகிறேன்.

சத்து போகுமா என்று கேட்பதற்கு முன்னால், என்ன சத்து இருந்தது என்று கிழங்கை நறுக்கிப் பாருங்கள். நம் சந்தையில் அதிகம் வருவது தோல் சிவப்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருக்கும் ரகம். அதில் மாவுச்சத்து உண்டு, நார் உண்டு, பொட்டாசியம் உண்டு. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யாக உடம்பு மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் மட்டும் மிகக் குறைவு. உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் கிழங்கில்தான் அது நிறைய. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ‘பூ சோனா’ என்று ஒரு ரகம் தந்திருக்கிறது. அதில் 100 கிராம் பச்சைக் கிழங்குக்குச் சுமார் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். அவர்களுடைய ‘பூ கிருஷ்ணா’ ஊதா நிறம். அந்த ஊதாவைத் தரும் ஆந்தோசயனின் அதில் அதிகம். ஆப்பிரிக்காவில் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைபாட்டைப் போக்க ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பியவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. வெள்ளைக் கிழங்கை எவ்வளவு பக்குவமாகக் காயவைத்தாலும் பீட்டா கரோட்டின் வராது. உங்கள் குழு முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தக் கிழங்கு என்பதைத்தான்.

இனி வெயில். உங்கள் குழுவினர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வைட்டமின் சி வெப்பத்துக்கும் காற்றுக்கும் தாங்காது, பெரும்பகுதி போய்விடும். மாவை நம்பி யாரும் வைட்டமின் சி-யை எதிர்பார்க்க வேண்டாம், அதற்கு நெல்லிக்காய் இருக்கிறது. தாது உப்புகளும் நாரும் வெயிலோடு போகாது. தோலைத் தடிமனாகச் சீவி எறிந்தால்தான் போகும். பீட்டா கரோட்டின் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மெல்லியதாகச் சீவி வேகமாகக் காயவைத்தால், நேர் வெயிலில்கூட இழப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சூடான காற்று வீசும் உலர்த்தியில் இழப்பு இன்னும் குறைவு.

உண்மையான திருட்டு நடப்பது டப்பாவுக்குள். காய்ந்த கிழங்கை அறை வெப்பத்திலேயே நான்கு மாதம் வைத்திருந்தால் கரோட்டினில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. வெளிச்சமும் சூடும் அதற்குத் துணை. மாவாக அரைத்துவிட்டால் காற்றுப்படும் பரப்பு பலமடங்கு கூடுகிறது. ஆகவே சீவலாகவே கட்டிவைத்து, ஆர்டர் வரும்போது அரையுங்கள். அழகாகத் தெரிகிறதே என்று கண்ணாடிப் புட்டியில் போட்டுக் கடை வாசலில் அடுக்கினால், நிறம் வெளுப்பதை நீங்களே பார்ப்பீர்கள். அந்த நிறம்தான் சத்து.

செய்முறையில் ஒரு இடம் மிக முக்கியம். நறுக்கியதும் கிழங்கில் பால் கசியும், சற்று நேரத்தில் வெட்டுவாய் கருக்கும். கிழங்குக்குள் இருக்கும் நொதிகளின் வேலை அது. அவற்றை அடக்காமல் காயவைத்தால் மாவு மங்கிவிடும், இருப்பிலும் அவை சத்தைத் தின்னும். இட்லிப்பானையில் 3 முதல் 5 நிமிடம் ஆவி காட்டினால் போதும், நொதி அடங்கிவிடும். கொதிநீரில் முக்கி எடுப்பவர்களும் உண்டு. அதில் பொட்டாசியமும் கரையக்கூடிய வைட்டமின்களும் தண்ணீரோடு வடிந்துவிடும். ஆவிதான் மேல். வெளுப்பாக வரவேண்டும் என்று பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் ஊறப்போடும் வழக்கமும் இருக்கிறது. நிறம் நிற்கும், ஆனால் வைட்டமின் பி1 அழியும். ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கடையில் வாங்கும் பாக்கெட்டில் 224 என்ற எண் இருந்தால் அதுதான். உங்கள் குழுவுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

சிப்ஸ் சீவும் கட்டையில் 2, 3 மில்லிமீட்டர் கனத்தில் சீவி, ஆவி காட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, மேலே மெல்லிய வெள்ளைத் துணி கட்டுங்கள். நேர் வெளிச்சம் தணியும், நாற்கரச் சாலைப் புழுதியும் படியாது. கையால் வளைத்தால் வளையாமல் ‘படக்’கென்று ஒடிய வேண்டும். அந்தப் பதத்துக்கு வராத சீவலை அரைத்தால் மாவு கட்டிபிடிக்கும், பூஞ்சணம் வரும். சுமார் 4 கிலோ கிழங்குக்கு 1 கிலோ மாவு என்று கணக்கு வைத்துக்கொண்டு விலை போடுங்கள்.

சத்தின் லாபக் கணக்கில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகவைத்து அரைத்த கிழங்கில் செல்சுவர்கள் உடைந்திருப்பதால், மிஞ்சிய கரோட்டினை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்கிறது. அதற்குக் கொழுப்பு வேண்டும். புட்டோ கூழோ எதுவானாலும் அரை ஸ்பூன் நல்லெண்ணெயோ நெய்யோ, கொஞ்சம் தேங்காய்த் துருவலோ சேர்க்கச் சொல்லிப் பாக்கெட்டிலேயே அச்சிடுங்கள்.

வரத்து கூடினால் விலை எப்படி விழும் என்று அய்யலூர்த் தக்காளிச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழங்கு மலியும் நாளில் அதைச் சீவலாக்கி வைப்பது விவசாயிக்கும் உங்களுக்கும் நல்லது. தயங்காமல் தொடங்குங்கள். சின்னாளப்பட்டி பக்கம் காந்திகிராமத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஆரஞ்சு ரகத்தின் கொடி எங்கே கிடைக்கும் என்று அங்கே கேட்டுப்பாருங்கள். கொடிதான் விதை. ஒருமுறை நல்ல கொடி கையில் வந்தால் அடுத்த பட்டத்துக்கு வெளியே அலைய வேண்டாம்.

கேள்வி: மாவாக்கினால் கிழங்கிலுள்ள சர்க்கரை குறையுமா? எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது.
– ஒரு வாசகர், வடமதுரை

பதில்: குறையாது. தண்ணீர் போய்விட்டதால் ஒரு ஸ்பூன் மாவில் மாவுச்சத்தும் சர்க்கரையும் செறிந்துதான் இருக்கும். மெதுவாகச் சூடேறும்போது கிழங்கின் நொதி மாவுச்சத்தை மால்ட்டோஸாக மாற்றுவதால் இனிப்பு கூடவும் செய்யும். நைசாக அரைத்தது வேகமாகச் செரித்து இரத்தத்தில் ஏறும். ஜமைக்காவில் 10 ரகங்களைச் சோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், அவித்த கிழங்கின் சர்க்கரை ஏற்றக் குறியீடு 41 முதல் 50 வரைதான் இருந்தது. சுட்டதும் வாட்டியதும் 80ஐ ஒட்டியும் 90ஐத் தாண்டியும் போயின. உங்கள் மருத்துவர் அனுமதித்தால் மாவை விட்டுவிட்டு முழுக்கிழங்கையே தண்ணீரில் அவித்து, சிறிய துண்டாக, அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டு சாப்பிடுங்கள்.