எடை மட்டும் பார்த்தால் போதுமா?

தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. இந்திய அளவில் இது 35.5 சதவீதம். அதனால் 'நாம் பரவாயில்லை' என்று இருந்துவிடலாமா?

கூடாது. சராசரி என்பது வசதியான வீட்டையும் ஏழை வீட்டையும் சேர்த்துப் போட்ட கணக்கு. வறுமையும் தாயின் படிப்புக் குறைவும் உள்ள வீடுகளில் இந்தக் குறை அதிகம். சத்துக் குறைவும் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் பிள்ளையின் வளர்த்தியைத் தடுக்கின்றன. முதல் இரண்டு வயதில் விட்டதைப் பிறகு ஈடுகட்டுவது கடினம்.

இந்த ஆய்வு மாவட்டக் கணக்கோடு நின்றுவிடும். வண்ணாரப்பேட்டையில் நம் தெருவின் நிலையை டாக்டருக்கும் நர்ஸுக்கும் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

என்ன செய்யலாம்?

1. அங்கன்வாடியிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எடையோடு உயரத்தையும் அளந்து, தாய்-சேய் நல அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள்.

2. குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை அடித்தால் அதையும் சொல்லுங்கள். ஒரே தெருவின் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே குறை என்றால், மருந்தோடு தண்ணீரையும் கவனிக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புரியும்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இந்த வாரமே அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள்.