பிறப்பியல் சுட்டும் ஒலிப்புறுப்புகளும் மண்டையோட்டு வழிகளும்

ஆய்வுச் சுருக்கம்

தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துகளை அவை பிறக்கும் இடத்தாலும் முயற்சியாலும் வகுக்கிறது. அம்முயற்சிகளைச் செய்விக்கும் நரம்புகள் மூளையிலிருந்து மண்டையோட்டின் அடித்தளத்திலுள்ள துளைகள், கால்வாய்கள் வழியாக வெளிவருகின்றன. இலக்கணம் கூறும் பிறப்பிட வகைப்பாட்டையும் நரம்பு வெளிவரும் வழிகளையும் இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. இவை ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வதையும், வல்லின மெல்லின இணைகள் ஒரே ஒரு வழியைச் சார்ந்து நிற்பதையும், அச்சார்பு தன்வினை பிறவினை வேறுபாடு வரை நீள்வதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பிறப்பியல், ஒலிப்புறுப்பு, மண்டையோட்டுத் துளை, மெல்லண்ணம், இனவெழுத்து, தன்வினை, பிறவினை.

முன்னுரை

எழுத்துகளின் பிறப்பைக் கூறவரும் தொல்காப்பியர் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு நிலைகளைச் சுட்டுகிறார். உந்தியிலிருந்து எழும் வளி இவற்றில் நின்றும் பொருந்தியும் வெவ்வேறு எழுத்தாகிறது என்பது அவர் கொள்கை. நன்னூலார் உரம், கண்டம், உச்சி, மூக்கு என்பவற்றை வளி சென்றடையும் இடங்களாகவும், இதழ், நா, பல், அண்ணம் என்பவற்றை முயற்சிக்குரியனவாகவும் பிரித்துரைத்தார். இவ்விரு நூல்களையும் இன்றைய ஒலியியலோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பல உள்ளன. அவை பெரும்பாலும் ‘எங்கே பிறக்கிறது’ என்ற வினாவோடு நின்றுவிடுகின்றன. அவ்விடத்தை இயக்குவது எது, அந்த இயக்கம் எவ்வழியே வருகிறது என்ற வினா தமிழ் ஒலியியலில் போதிய அளவு எழுப்பப்படவில்லை.

பழந்தமிழர் நரம்பியலை அறிந்திருந்தனர் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்தகைய நிறுவல்கள் இலக்கணத்துக்கும் பெருமை சேர்ப்பதில்லை, மருத்துவத்துக்கும் பயன்படுவதில்லை. தொல்காப்பியர் தந்தது நாவும் இதழும் செய்யும் தொழிலைக் கூர்ந்து கண்ட பதிவு. அப்பதிவின் நுட்பத்தை வேறொரு வரைபடத்தின்மேல் வைத்துப் பார்ப்பதே இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சி.

துளை, கால்வாய், பிளவு

மண்டையோட்டின் உட்புற அடித்தளம் முன், நடு, பின் என மூன்று குழிவுகளாகப் படிக்கட்டுப்போல் இறங்குகிறது. அவற்றில் அமைந்த வாயில்கள் அனைத்தையும் பொதுப்படத் ‘துளை’ என்றெழுதும் வழக்கம் தமிழ் நூல்களில் காணப்படுகிறது. மெல்லிய எலும்புத் தகட்டில் அமைந்த நேரான திறப்புத் துளை. எலும்பினுள் சிறிது தொலைவு ஓடி வெளிவருவது கால்வாய். இரு எலும்புகளுக்கோ எலும்பின் இரு பகுதிகளுக்கோ இடைப்பட்ட நீண்ட இடைவெளி பிளவு. இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. முக நரம்பு பொட்டெலும்பினுள் ஏறத்தாழ 3 செ.மீ. நீளமுள்ள வளைந்த கால்வாயில் செல்கிறது. அழற்சியால் நரம்பு வீங்கும்போது சுற்றிலும் எலும்பாதலின் விரிய இடமின்றி நசுங்குகிறது. திடீரென ஒரு பக்க முகம் செயலிழக்கும் ‘பெல் வாதம்’ என்னும் நிலைக்கு இந்நசுக்கமே முதன்மையான விளக்கமாகக் கூறப்படுகிறது. அவ்வழியைத் துளை என்று மட்டும் எழுதினால் மாணவர்க்கு இக்காரணம் விளங்காது.

பெயரீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இலத்தீன் மரபு சில வாயில்களை வடிவத்தால் பெயரிட்டது. வட்டத் துளை, முட்டைவடிவத் துளை, பெருந்துளை ஆகியன இவ்வகையின. வேறு சிலவற்றை உள்ளே செல்லும் ஒன்றன் பெயரால் வழங்கியது. கழுத்துச் சிரைத் துளை என்பது இரண்டாம் வகை. அப்பெயர் சிரையை மட்டும் சொல்கிறது. ஆனால் மூன்று நரம்புகள் அச்சிரையோடு அதே வாயிலில் வெளியேறுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் கிறீன் தொடங்கி இன்றுவரை கலைச்சொல் ஆக்குவோர் அனைவரும் எதிர்கொள்ளும் இடர் இது. வடிவப் பெயர்களை அவ்வாறே பெயர்த்துக்கொண்டு, செல்வன எவை என்பதை வரையறையில் விளக்குவதே தக்கது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. செல்வனவற்றையெல்லாம் பெயருக்குள்ளேயே அடக்க முயன்றால் பெயர் நீண்டு வழக்கிழக்கும்.

எட்டு நிலைகளும் அவற்றின் வழிகளும்

எட்டு நிலைகளுள் பல்லும் அண்ணத்தின் முற்பகுதியும் தாமே இயங்குவன அல்ல. நாவும் இதழும் சென்று பொருந்துவதற்கு நிற்பன. முப்பிரிவு நரம்பின் இரண்டாம் கிளை வட்டத் துளை வழியாக வெளிவந்து மேற்பற்களுக்கும் வல்லண்ணத்துக்கும் தொடுவுணர்ச்சியை மட்டும் தருகிறது. அதே நரம்பின் மூன்றாம் கிளை முட்டைவடிவத் துளையில் வெளிவருகிறது. இது கீழ்ப்பற்களுக்கும் நாவின் முற்பகுதிக்கும் உணர்ச்சி தருவதோடு தாடையை அசைக்கும் தசைகளையும் இயக்குகிறது. எட்டு நிலைகளின் பட்டியலில் தாடை இல்லை. எனினும் அகர ஆகாரங்களுக்கு அங்காப்பைத் தொல்காப்பியர் கூறுதலால் தாடையின் தொழில் நூலில் இடம்பெற்றேயிருக்கிறது.

இதழ் முக நரம்புக்குரியது. காதின் பின்புறப் புடைப்புக்கும் அதனருகே ஊசிபோல் இறங்கும் எலும்பு முனைக்கும் இடையிலுள்ள சிறுதுளையே அந்நரம்பின் வெளிவாயில். பகர மகரங்களில் இதழ் இயைதலும், வகரத்தில் இதழ் பல்லோடு சேர்தலும், உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகியவற்றில் இதழ் குவிதலும் இந்நரம்பைச் சார்ந்தன. முகவாதம் உற்றவரிடம் இதழ்க் குவிவைச் சோதிக்க விரும்புவோர் சொல்லைத் தேர்வதில் கவனம் கொள்ளவேண்டும். ‘ஆறு’, ‘காசு’ போன்ற சொற்களின் ஈற்றுக் குற்றியலுகரம் இயல்பான பேச்சிலேயே இதழ் குவியாமல் ஒலிக்கிறது. ஆகவே அது குவியாமை நோயின் குறியாகாது. ‘பூ’, ‘ஊசி’, ‘ஓடு’ என முதலசையில் குவிவு வேண்டும் சொற்களே இதற்கு ஏற்றன.

நாவின் தசைகள் ஒன்று நீங்கலாக அனைத்தும் நாவடி நரம்பால் இயங்குவன. பிடரி எலும்பில், பெருந்துளையின் இருமருங்கும் அமைந்த இரு சிறு கால்வாய்கள் அதன் வழி. மெய்கள் 18இல் ப, ம, வ நீங்கிய 15 மெய்களும் இவ்விரு கால்வாய்களைச் சார்ந்திருக்கின்றன. நாவின் முதல், இடை, நுனி, விளிம்பு எனத் தொல்காப்பியர் பகுத்துக் காட்டும் நுண்மையும், அணர்தல், ஒற்றுதல், வருடுதல், பரத்தல் எனத் தொழிலைப் பிரிக்கும் நுண்மையும் வழிகளின் வரைபடத்தில் காணப்படுவதில்லை. ழகரத்துக்குத் தனி நரம்பில்லை. ஒரே நரம்பின் இழைகள் வெவ்வேறு அளவிலும் வரிசையிலும் தூண்டப்படுவதே ளகரத்தினின்று அதைப் பிரிக்கிறது. இவ்விடத்தில் இலக்கணம் உடற்கூற்றினும் நுட்பமானது. ஒரு பக்க நாவடி நரம்பு மட்டும் பழுதுற்றால் மறுபக்கம் பெருமளவு ஈடுசெய்யும். நாவை நீட்டச் செய்தால் அது பழுதுற்ற பக்கம் சாயும். இருபக்கமும் பழுதுறின் 15 மெய்களும் ஒருசேரத் தேயும்.

மிடறு வேகஸ் நரம்புக்குரியது. கழுத்துச் சிரைத் துளையில் வெளிவரும் மூன்று நரம்புகளுள் நடுவணது அது. மற்றவை நா தொண்டை நரம்பும் துணை நரம்பும். குரல்வளையின் பெரும்பாலான தசைகளுக்குரிய கிளை நேராக அங்குச் செல்வதில்லை. வேகஸ் நரம்போடு கீழிறங்கி, இடப்பக்கம் இதயத்தினின்று எழும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றியும் வலப்பக்கம் தோளுக்குச் செல்லும் தமனியைச் சுற்றியும் மேலேறிக் குரல்வளையை அடைகிறது. மார்பினுள் தோன்றும் கட்டி ஒன்று குரலைக் கம்மச் செய்வது இதனாலேயே.

நெஞ்சு என்னும் நிலைக்கு மண்டையோட்டில் தனி வாயில் இல்லை. மூச்சுத் தசைகளின் நரம்புகள் தண்டுவடத்திலிருந்து புறப்படுவன. மூளையின் ஏவல் பெருந்துளை வழியாகவே அங்குச் சேர்கிறது. தலை என்பது ஒலி முழங்கும் இடமாகக் கொள்ளப்படுவதால் அதற்கு வழி தேடவேண்டியதில்லை.

மூக்கின் கதவு

மூக்கைப் பற்றித் தனியே பேசவேண்டியிருக்கிறது. மெல்லெழுத்துகள் தத்தம் இடத்தே பிறப்பினும் மூக்கின் வளியைப் பெற்றே தோன்றும் என்பது பிறப்பியலின் துணிபு. மெல்லெழுத்துக்கு இடம் ஒன்று, வளிவழி மற்றொன்று என இரண்டைப் பிரித்துணர்ந்த சிறப்பு இதிலுள்ளது. ஆனால் மூக்கு ஒலிக்குங்கால் எதையும் செய்வதில்லை. அதன் மணநரம்புகள் சல்லடைபோன்ற எலும்புத் தகட்டின் நுண்துளைகள் வழியே மேலேறுவன. அவற்றுக்கும் ஞகர நகரங்களுக்கும் தொடர்பில்லை. மூக்கறைக்கும் வாய்க்கும் இடையே கதவாக நிற்பது மெல்லண்ணம். அது மேலெழுந்து அடைத்தால் வளி வாயோடு நிற்கும். தாழ்ந்தால் மூக்கிலும் செல்லும். அதனை உயர்த்தும் தசை வேகஸ் நரம்பால் இயங்குகிறது. ஆகவே மூக்கொலியின் திறவுகோல் மிடற்றின் நரம்போடு அதே கழுத்துச் சிரைத் துளையில் வெளிவருகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படும். ஒன்று, இலக்கணம் தொலைவில் வைத்த மிடறும் மூக்கும் நரம்பு வழியில் அண்டை வீட்டார். அத்துளையருகே கட்டியோ முறிவோ நேரின் கம்மிய குரலும் மூக்கொழுகும் பேச்சும் சேர்ந்தே வரும், விழுங்கலும் இடர்ப்படும். நாவடிக் கால்வாய் அதற்கு மிக அருகே இருத்தலால் பழுது சற்றே பரவினும் நாவின் மெய்களும் உடன்சேரும். மற்றொன்று, மகரம் என்னும் ஓர் எழுத்து இதழுக்காக ஒரு வாயிலையும் மூக்குக்காக மற்றொரு வாயிலையும் நம்பி நிற்கிறது. பிறப்பிடத்தால் ஒன்றாக எண்ணப்படுவது வழியால் இரண்டாகிறது.

இனவெழுத்தும் தன்வினை பிறவினையும்

க–ங, ச–ஞ, ட–ண, த–ந, ப–ம, ற–ன என்னும் ஆறு இணைகளிலும் நாவோ இதழோ செய்யும் தொழில் ஒன்றே. இணையின் இரு உறுப்புகளைப் பிரிப்பனவற்றுள் தலையாயது மெல்லண்ணக் கதவு திறந்திருத்தலும் மூடியிருத்தலுமே. கதவு மூடாத நிலையில் வல்லெழுத்துக்கு வேண்டிய வளியழுத்தம் வாயினுள் திரள்வதில்லை. வளி மூக்கில் கசிய, வல்லெழுத்து தன் இணையான மெல்லெழுத்தை நோக்கிச் சரியும். கடுஞ்சளியில் மூக்கடைபட்டவரிடம் இதன் மறுதலையைக் காண்கிறோம். அவர் ‘மாமா’ என்பது ‘பாபா’ என்பதுபோல் கேட்கிறது.

தமிழில் இக்கதவு எழுத்தைப் பிரிப்பதோடு நிற்பதில்லை. அடங்கினான்–அடக்கினான், திருந்தினான்–திருத்தினான், திரும்பினான்–திருப்பினான் என வரும் இணைகளில் தன்வினை மெல்லினத் தொடராகவும் பிறவினை வல்லின இரட்டிப்பாகவும் நிற்கின்றன. இரும்பு ‘இருப்புப் பாதை’ என்றும் மருந்து ‘மருத்துப்பை’ என்றும் ஆகும் புணர்ச்சியிலும் இதே மாற்றம். ஒருவன் தானே திருந்தியதும் பிறரைத் திருத்தியதும் உள்நாக்கின் மேலுள்ள ஒரு சிறு தசை எழுவதையும் தாழ்வதையும் ஒட்டி வேறுபடுகின்றன. இவ்வேறுபாடு முற்றும் அழியும் என்பது இங்குக் கூற்றன்று. இரட்டித்த வல்லொற்றின் நீண்ட மாத்திரையும், மெல்லொற்றை அடுத்த வல்லெழுத்து குரலுடன் ஒலித்தலும் எஞ்சிநின்று கேட்பவர்க்கு ஓரளவு உதவும். வேகஸ் நரம்பு முழுமையாகப் பழுதுறின் குரல்மடல்களும் சீராக இயங்காமையால் இரண்டாவது துணையும் நலியும். அப்போது மாத்திரை ஒன்றே எஞ்சும்.

ஆங்கிலப் பேச்சுக்கு வகுக்கப்பட்ட சோதனைத் தொடர்களைத் தமிழில் பெயர்த்துப் பயன்படுத்துவது இக்காரணத்தால் போதாது. பெயர்ப்பில் சொல்லின் பொருள் வரும். சோதிக்க வேண்டிய எழுத்திணை வாராது. பிறப்பியலின் வரிசையிலேயே ஆறு இணைகளையும் அமைத்துக்கொள்ள இயலும்: பக்கம்–பங்கம், மச்சம்–மஞ்சம், கட்டு–கண்டு, பத்து–பந்து, கற்று–கன்று, கப்பு–கம்பு. இவற்றை நோயர் சொல்ல, எழுத்தைக் காணாத ஒருவர் கேட்டு இனங்காணவேண்டும். எல்லா இணைகளும் ஒருசேரக் குழம்பினால் ஐயம் மெல்லண்ணத்தின்பாற் செல்லும். கப்பு–கம்பு மட்டும் தெளிவிழந்து பிற ஐந்தும் நன்கு ஒலித்தால் இதழை, அதாவது காதின் பின்னுள்ள வாயிலை நோக்கவேண்டும். இம்முறை நரம்பு மண்டையோட்டைக் கடக்கும் இடத்திலோ அதன் பின்னரோ பழுதுற்ற நிலைக்கே பொருந்தும். மூளைக்குள்ளேயே நேரும் பக்கவாதம் இவ்வழிகளின் எல்லையைப் பொருட்படுத்தாது பல உறுப்புகளை ஒருங்கே தாக்கும்.

மெல்லண்ணக் கசிவை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று மருத்துவ வழக்கில் உள்ளது. மெல்லெழுத்து ஒன்றும் இல்லாத தொடரை நோயர் ஒருமுறை இயல்பாகவும், மறுமுறை மூக்கை விரலால் அழுத்திக்கொண்டும் சொல்லவேண்டும். கதவு நன்கு மூடுபவரிடம் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். கசிவு உள்ளவரிடம் வேறுபடும். தமிழில் பெயர்ச்சொற்கள் பல ‘அம்’ ஈற்றன. ஆண்பால் வினைமுற்றுகள் னகர ஈற்றன. ஆதலால் மெல்லெழுத்து வாராத தொடரைத் தேடியே அமைக்கவேண்டும். ‘காக்கை கூட்டைக் கட்டிற்று’ என்பது அத்தகைய ஒன்று. வல்லினத்துள் க, ட, ற மூன்றும் அதில் இரட்டித்தே வருகின்றன. த, ப, ச ஆகியவற்றுக்கு ‘தச்சு பத்துச் சட்டி தா’ போன்ற வேறு தொடர்கள் வேண்டும்.