குளவி அட்டையும் வகைப்பாடும்

வேப்பூர்ப் பக்கம் கரும்பு பயிரிடும் வீட்டுப் பிள்ளைகளிடம் ‘குளவி அட்டை’ பற்றிக் கேளுங்கள். வகைப்பாட்டியலை அங்கிருந்தே தொடங்கலாம். இடைக்கணுப் புழுவின் முட்டைகளை அழிக்க வயலில் கட்டும் அந்த அட்டையில் இருப்பது டிரைக்கோகிரம்மா கைலோனிஸ். அரை மில்லிமீட்டர் அளவே உள்ள முட்டை ஒட்டுண்ணி. முதற்சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். நடுவே அடைப்புக்குறிக்குள் துணைப்பேரினமும் வரலாம், டிரைக்கோகிரம்மன்சா அப்படியொன்று.

இக்குளவிக்கு நம் நாட்டில் நெடுங்காலம் மினுட்டம், இவானசென்ஸ் என வேற்றினப் பெயர்களே வழங்கின. வெப்பநிலைக்கேற்ப நிறம் மாறுவதால், நிறத்தை நம்பியவர்கள் ஏமாந்தார்கள். ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பே நம்பத்தக்க அடையாளம் என்பதைச் சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் 1971இல் காட்டினர். பெயர் தவறினால் பொருந்தாத குளவியை வயலில் விட நேரும், செலவு விவசாயிக்கு.

அட்டையைக் கைலென்சில் காட்டுங்கள்: ஒட்டுண்ணி வளரும் முட்டை கறுத்திருக்கும். சிற்றினம் அறிய நுண்ணோக்கி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.